காவல்காரர் எப்படிக் குற்றவாளி ஆனார்: பெருங்காமநல்லூர், 1920

1920 ஏப்ரல் 3, விடியற்காலை. மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள பெருங்காமநல்லூரைப் போலீஸ் சூழ்ந்தது. அன்று அவர்கள் வந்தது எந்தத் திருட்டு வழக்கையும் விசாரிக்க அல்ல. சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, ஊரில் உள்ள ஆண்களின் விரல் ரேகையை எடுத்துப் பதிவேட்டில் சேர்க்க வந்தார்கள். ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாயாக்காள் என்ற பெண். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது கொல்லப்பட்டார் என்று ஊர் இன்றும் சொல்கிறது. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கொண்டுபோனதையும் ஊர் மறக்கவில்லை.

குற்றம் பற்றிய சமூகவியலைத் தமிழில் யாருக்காவது சொல்லித்தர வேண்டும் என்றால் நான் இந்த ஊரிலிருந்துதான் தொடங்குவேன். குற்றம் என்பது ஒரு செயலா, அல்லது ஓர் ஆளுக்கு வெளியிலிருந்து கொடுக்கப்படும் பெயரா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான வழக்கு நம் பக்கத்தில் கிடையாது. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுதான். 'பிறவிக் குற்றவாளிகள்' என்று எழுதப்பட்ட இந்தப் பிரமலைக் கள்ளர் மக்கள் அதற்கு முன்பு பல தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை காவல்.

காவலும் துப்புக்கூலியும்

பிரமலைக் கள்ளர் சமூகத்துக்கு எட்டு நாடு, இருபத்துநாலு உபகிராமம் என்று சொந்தமான ஓர் அமைப்பு உண்டு. வழக்கு, தண்டம், கல்யாணம், கோயில் மரியாதை எல்லாம் அந்த அமைப்புக்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட்டன. அதோடு அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் காவல் பார்ப்பதும் அவர்கள் கையில் இருந்தது. களத்தில் நெல் அடிக்கும்போது காவல்காரருக்கு ஒரு பங்கு போகும். மாடு காணாமல் போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு, முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும்.

இதை அழகான பழைய முறையாக மட்டும் காட்ட எனக்கு விருப்பமில்லை. காவல் வைக்காத ஊரில் மாடு காணாமல் போகும். அப்புறம் ஓர் இடையாள் வந்து, இன்ன தொகை கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கும் என்பார். அந்தத் தொகைக்குத் துப்புக்கூலி என்று பெயர். பாதுகாப்பு கொடுப்பவரும், பாதுகாப்பு தேவைப்படும் நிலையை உண்டாக்குபவரும் பல நேரம் ஒருவரே. பொறுக்க முடியாத குடியானவர்கள் 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பக்கம் ஊர் ஊராகப் பணம் திரட்டி, சொந்தக் காவலாளிகளை வைத்துக்கொண்டு கள்ளர் காவலைத் துரத்த முயன்றார்கள். திரட்டிய நிதியால் 'பண்டு' (fund) என்று பெயர்பெற்ற அந்தக் கலகத்தில் வீடுகள் எரிந்தன. அந்தக் குடியானவர்களின் குறையும் உண்மையான குறைதான்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வரி கொடுப்பவரைக் காப்பது, கொடுக்காதவரைத் தண்டிப்பது, களவு போனதை மீட்பது, அதற்குக் கூலி வாங்குவது எல்லாமே அரசு செய்யும் வேலைகள்தான். சென்னை மாகாண அரசு 1816-லேயே சட்டம் போட்டுப் பழைய காவல் உரிமைகளை ஒழித்ததாக அறிவித்தது. 1859-இல் சம்பளம் வாங்கும் புதிய போலீசை உருவாக்கியது. காகிதத்தில் ஒழிந்த காவல் ஊர்களில் ஒழியவில்லை. மாடு காணாமல் போன குடியானவர் பல மைல் தள்ளியிருந்த ஸ்டேஷனுக்குப் போகாமல் துப்புக்கூலியையே கொடுத்தார். அதில் மாடாவது திரும்பி வந்தது. ஆக, ஒரே ஊரில் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்டி போட்டன. அவற்றில் ஒன்றின் கையில் சட்டம் எழுதும் அதிகாரம் இருந்தது. அது மற்றதைக் குற்றம் என்று எழுதிவிட்டது.

ஒரு தனி ஆள் தவறு செய்தான் என்ற கணக்கில் இதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. எவர் யாரைக் காவல் பார்ப்பது என்ற அதிகாரச் சண்டையில் தோற்ற தரப்புக்குக் குற்றப் பரம்பரை என்ற பெயர் வந்தது.

சட்டம் என்ன சொன்னது

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-இல் வட இந்தியாவுக்காக வந்தது. இந்தியாவில் நெசவு, தச்சு எல்லாம் சாதித் தொழில் என்றால் திருட்டும் ஒரு சாதித் தொழிலாகத்தான் இருக்க வேண்டும் என்ற வாதம் அதன் அடியில் இருந்தது. ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்வதற்கு ஒரு கூட்டம் 'அடிமைப்பட்டிருக்கிறது' என்று நம்பக் காரணம் இருந்தால் அரசு அதை அறிவிக்கலாம். குடிக்கு அடிமை என்பதுபோல, குற்றத்துக்கு அடிமை. அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 1911-இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-இல் மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். 1918-இல் பிரமலைக் கள்ளர் முழுவதையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

இதன் பிரிவுகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருவது தண்டனை அளவைப் பார்த்து மட்டுமல்ல. பதிவான ஆள் குறிப்பிட்ட சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு ஆண்டுக்குக் குறையாமல் சிறை, மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடுகடத்தல். அதுவே கொடுமை. அதைவிடக் கொடுமை இன்னொரு பிரிவு. பதிவான ஆள் திருடப் போகிறார் என்று நினைக்கத்தக்க சூழ்நிலையில் எங்காவது தென்பட்டால் போதும், மூன்று ஆண்டு வரை உள்ளே போடலாம். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படி வேலை செய்தது? ஒருவர் பக்கத்து ஊரில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும், இரவு தங்க வேண்டும். முதலில் கிராம முன்சீபிடம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊர், என்ன காரியம், எத்தனை நாள் எல்லாம் அதில் எழுதப்படும். போன ஊரில் அங்குள்ள முன்சீபிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி காட்ட வேண்டும். இதைத்தான் மக்கள் ராத்திரிச் சீட்டு என்றார்கள். ஊரிலேயே இருந்தாலும் இரவில் சாவடியிலோ ஸ்டேஷனிலோ தலையைக் காட்ட வேண்டியவர்கள் இருந்தார்கள். அங்கேயே படுக்க வைக்கப்பட்டவர்களும் உண்டு. புதுக் கல்யாணக்காரருக்கும் இதேதான், வயசாளிக்கும் இதேதான். கமலை கட்டி விடியுமுன் இறைக்கப் போகிறவர், இருட்டில் மாட்டோடு கிணற்றடியில் நிற்பவர், சட்டத்தின் கண்ணில் 'சந்தேகச் சூழ்நிலையில் தென்பட்டவர்'. சீட்டுக் கொடுக்கும் முன்சீப்புக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அவர் கல்யாணத்துக்கும் போக முடியாது, சாவுக்கும் போக முடியாது. சீட்டு வாங்காமல் போனால் அது குற்றம், அதற்குத் தண்டனை. தண்டனை பெற்றவர்களின் எண்ணிக்கை ஏறினால், பார்த்தீர்களா, இந்தச் சாதியில் குற்றம் எவ்வளவு அதிகம் என்று அறிக்கை எழுதலாம்.

சமூகத்தின் விதியை மீறுவதைச் சமூகவியலில் விலகல் என்பார்கள். விலகல் என்பது செயலில் இருக்கும் குணம் அல்ல, மற்றவர்கள் விதியைப் போட்டு, அதை ஒருவர்மேல் ஏற்றும்போது உண்டாவது என்று 1963-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவார்ட் பெக்கர் எழுதினார். சமூகவியலில் முத்திரையிடல் கோட்பாடு என்று அதைச் சொல்கிறார்கள். அவருக்கு முன்பே எட்வின் லெமர்ட் முதல்நிலை விலகல், இரண்டாம்நிலை விலகல் என்று பிரித்தார். முதலில் ஒருவர் ஏதோ செய்கிறார். சமூகம் அவரை அந்தப் பெயராலேயே அழைத்து, வேறு வழிகளை அடைக்கிறது. பிறகு அவர் அந்தப் பெயரைச் சுற்றித்தான் வாழ முடிகிறது. உசிலம்பட்டியை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு திருத்தம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பெரும்பாலானவர்களுக்கு அந்த முதல்நிலைச் செயலே தேவைப்படவில்லை. பிறந்ததே போதுமானதாக இருந்தது.

ரேகை

அன்று ஊர் ஏன் மறுத்தது? பட்டிக்காட்டு மக்களுக்கு மையைக் கண்டு பயம் என்று சொல்ல முடியாது. கடன் பத்திரத்தில், கிரயத்தில், பெருவிரலை அழுத்திக் கைநாட்டு வைப்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். கைநாட்டு ஒரு வாக்கு. நான் சம்மதிக்கிறேன் என்று தன் கையால் தானே வைப்பது.

ரேகை எடுப்பது வேறு. ஒரு தகட்டில் கறுப்பு மையை விட்டு உருளையால் மெல்லிசாகப் பரப்புவார்கள். ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மையில் உருட்டி, பிறகு தாளில் உருட்ட வேண்டும். ஆள் தானாக உருட்டினால் கோடு கலைந்துவிடும். அதனால் விரலைத் தளர விடச் சொல்லிவிட்டு, போலீஸ்காரர் மணிக்கட்டைப் பிடித்துத் தானே உருட்டுவார். பத்து விரலுக்கும் இப்படி. அவ்வளவு நேரமும் அந்தக் கை உங்களுடையது அல்ல. 1897-இல் உலகின் முதல் விரல்ரேகை அலுவலகம் கல்கத்தாவில் திறக்கப்பட்டதை அறிவியல் வரலாற்றில் பெருமையாகச் சொல்வோம். அதன் பயன் யார் கையில் போய் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர்கள் இதை 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டத்துக்கு அரசு வைத்த பெயர் வேறு, மக்கள் வைத்த பெயர் வேறு. அரசின் பெயரில் குற்றம் இருக்கிறது. மக்கள் வைத்த பெயரில் அவர்கள் கையை யாரோ பிடித்திருக்கிறார்.

பிடிபட்டவர்களுக்காக வழக்குகளை எடுத்து நடத்தியவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரிலிருந்து வந்த பாரிஸ்டர். கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பார் என்பதால் 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அழைத்தார்கள். அந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கும் வழக்கம் அப்போதுதான் வந்தது.

தண்ணீர் போன ஊரும் போகாத ஊரும்

குற்றம் ரத்தத்தில் ஊறியது என்ற வாதத்தைப் பொய்யாக்கும் சான்று அரசின் கண்ணெதிரிலேயே இருந்தது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. மேலூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் போனது. அங்கேயும் கள்ளர் சமூகம்தான், ஆங்கிலேயரோடு சண்டை போட்ட பழைய வரலாறும் அவர்களுக்கு உண்டு. தண்ணீர் வந்த பிறகு மேலூர்க் கள்ளர்கள் விவசாயத்தில் இறங்கிவிட்டார்கள் என்று ஆங்கில அதிகாரிகளே எழுதி வைத்தார்கள். உசிலம்பட்டி வானம் பார்த்த பூமி. பெரியாற்றுத் தண்ணீர் அங்கே ஏறவில்லை. ரத்தம் வாய்க்கால் தண்ணீரில் மாறுமா? இதை எழுதிய அதே நிர்வாகம் சில ஆண்டுகளில் உசிலம்பட்டிக்கு ரேகைப் பதிவேட்டை அனுப்பியது.

குறவர்கள் விஷயமும் இப்படித்தான். மாட்டு மேலும் கழுதை மேலும் உப்பையும் தானியத்தையும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள். உப்பை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது, ரயில் வந்தது, பஞ்சம் வந்தது. பிழைப்பு போனவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அலைவதே குற்றத்துக்குச் சான்று ஆனது. சென்னை மாகாணத்தில் இப்படி அறிவிக்கப்பட்ட சில சமூகங்களுக்குக் குடியிருப்புகள் அமைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பை மிஷனரி அமைப்புகளிடம் கொடுத்தார்கள். இன்றைய ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரத்தைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. அங்கிருந்த எருகுலர் சமூகத்தினர் சீராலாவில் புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலையாட்கள் ஆனார்கள். திருத்துவதும் கூலிக்கு ஆள் சேர்ப்பதும் ஒரே வேலியின் உள்ளே நடந்தன.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மதுரைப் பக்கம் அரசு வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. 'கள்ளர் சீரமைப்பு' என்று ஒரு திட்டம் வந்தது. பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு வெட்டக் கடன், போலீஸ் மேற்பார்வையில் பஞ்சாயத்துகள். துப்பாக்கியால் முடியாததைப் பலகையும் சாக்பீசும் கொண்டு செய்யப் பார்த்தார்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கண்காணிப்பின் ஓர் அங்கமாகத்தான் அந்தப் பள்ளிகள் வந்தன. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் எழுதப் படிக்கக் கற்றார்கள். பிறகு சட்டத்தை எதிர்த்து மனு எழுதியவர்களில், கூட்டம் போட்டவர்களில், அந்தக் கல்வி வேலை செய்தது.

1929-இல் இராமநாதபுரம் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்துப் போராட்டத்தைத் தொடங்கினார். காங்கிரசிலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் பலர் சேர்ந்துகொண்டார்கள். 1947-இல், சுதந்திரத்துக்கு முன்பே, சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அனந்தசயனம் அய்யங்கார் குழு ஆராய்ந்து சொன்ன பிறகு 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுக்கக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது.

ஒழிந்த பிறகு

சட்டப் புத்தகத்திலிருந்து போன பெயர் ஸ்டேஷனிலிருந்து போகவில்லை. கேடி என்று சர்வசாதாரணமாகத் திட்டுகிறோமே, அது தமிழ்ச் சொல் அல்ல. போலீசுக்குத் தெரிந்த கொள்ளைக்காரர் என்ற பொருளில் போலீஸ் தன் பட்டியலில் எழுதிய K.D. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பதிவேட்டிலிருந்து எழுந்து வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வட்டாரத்தில் நகை திருடு போனால் முதலில் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போகும் வழக்கமும் அந்தப் பதிவேட்டின் மிச்சம்தான். 1993-இல் கடலூர்ப் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ஒரு குறவர் அடித்தே கொல்லப்பட்டார். திருட்டுப் புகார் ஒன்றின் பேரில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து செய்தது. குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட சமூகங்களைச் சீர்மரபினர் என்கிறோம். அவர்களை வழக்கமான குற்றவாளிகளாகக் காட்டும் வரிகளும் அதோடு போயின. குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கி எழுபத்திரண்டு ஆண்டுகள் வரை அந்த வரிகள் சிறைக் கையேடுகளில் உயிரோடு இருந்திருக்கின்றன.

இந்த ஆய்வில் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு, அதை விட்டுவிட்டால் நேர்மையாக இருக்காது. அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது 1996 முதல் பத்து ஆண்டுகள் அந்த இடத்தில் ஒரு தலித் உட்கார விடப்படவில்லை. தேர்தலே நடக்காது, நடந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-இல்தான் நிலைமை மாறியது. அரசின் கட்டுப்பாட்டில் நசுங்கிய ஒரு சமூகம் தனக்குக் கீழே என்று நினைத்தவர்களை அதே ஊர்க் கட்டுப்பாட்டால் நசுக்கியது. நாடு, உபகிராமம் என்று நான் மேலே மரியாதையோடு சொன்ன அமைப்புக்கு இந்த முகமும் இருந்தது. ரேகைக் கொடுமையை உணர்ந்து பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

இன்னொரு சண்டை சான்றிதழில் நடக்கிறது. 1979-இல் தமிழக அரசு 'சீர்மரபினப் பழங்குடியினர்' என்பதைச் 'சீர்மரபினச் சமூகத்தினர்' என்று மாற்றியது. ஒரு சொல் மாறியதால் மத்திய அரசுத் திட்டங்களில் இடம் இல்லாமல் போகிறது என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 2019-இல் 68 சமூகங்களுக்கு மாநிலத்துக்கு ஒரு சான்றிதழ், மத்திய அரசுக்கு ஒரு சான்றிதழ் என்று இரட்டைச் சான்றிதழ் முறை வந்தது. எந்தப் பெயரை அழிக்கத் தாத்தாக்கள் செத்தார்களோ, அந்தப் பெயரின் ஒரு வடிவத்தைத் திரும்பக் கேட்டுப் பேரன்கள் தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்கிறார்கள். இதைக் கேலியாகப் பார்க்க எதுவும் இல்லை. முத்திரையால் இழந்ததை முத்திரையைக் காட்டித்தான் கேட்க முடிகிறது, வேறு ஆவணம் அவர்களிடம் இல்லை.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, இவற்றைப் பொதுப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்க வேண்டும் என்று 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. அந்த வட்டாரத்தில் எதிர்ப்பு எழுந்தது. பதினாறு உயிருக்குப் பதிலாகக் கிடைத்த பள்ளிகள், இவற்றை விட மாட்டோம் என்றார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விவாதம் முழுக்கக் 'கள்ளர்' என்ற சொல்லைச் சுற்றியே நடந்தது. அடுத்த சொல்லை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சீரமைப்பு. ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பெண் குழந்தையின் மாற்றுச் சான்றிதழ் வரைக்கும் அந்தச் சொல் கூடவே வருகிறது.